மணி அடித்த பிறகு: வகுப்பறை நடைமுறைகள் பற்றி ஒரு பார்வை

1823ஆம் ஆண்டு ஆகஸ்டில், அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டக் கலெக்டர் ஏ.டி. கேம்பல், தம் மாவட்டத்துப் பள்ளிகளைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுவதும் எடுக்கச் சொன்ன கல்விக் கணக்கெடுப்புக்கான பதில் அது. வரலாற்றாய்வாளர் தரம்பால் 1983இல் வெளியிட்ட தொகுப்பில் அந்த அறிக்கை முழுமையாகக் கிடைக்கிறது. பள்ளிக்கூடம் காலை ஆறு மணிக்குத் தொடங்கும் என்கிறார் கேம்பல். முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவது வருகிறவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் பாராட்டும் கிடையாது, பழியும் கிடையாது. மூன்றாமவனுக்கு வலிக்காமல் ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. பிறகு வரும் ஒவ்வொருவருக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். முப்பது பேர் படிக்கும் பள்ளியென்றால் கடைசிப் பிள்ளைக்கு இருபத்தெட்டு அடி.

வாத்தியார் வாயைத் திறக்காமலே பிள்ளைகளை விடியற்காலையில் ஓடிவரச் செய்த ஏற்பாடு இது. நாள் தவறாமல் ஒரே மாதிரி நடக்கும், எல்லாருக்கும் தெரியும், விளக்கம் தேவையில்லை. வகுப்பறை நடைமுறை என்று இன்று கல்வியியல் எதைச் சொல்கிறதோ அதன் இலக்கணம் எல்லாம் இதில் பொருந்தியிருக்கிறது. கோளாறும் இதிலேயே இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் ஆறு மணிக்குள் வந்துவிட்டாலும் யாராவது ஒருவன் கடைசியாகத்தான் வந்தாக வேண்டும். அவனுக்கு அடி நிச்சயம். நடைமுறையையும் தண்டனையையும் ஒன்றாக முடிந்து வைத்த இந்தப் பழக்கம் நம் பள்ளிகளை விட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை.

உலகத்துக்கு ஒரு வகுப்பறை நடைமுறையை ஏற்றுமதி செய்த ஊர் சென்னை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். மலபார்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, அதையே தம் பள்ளியிலும் கொண்டுவர நினைத்தார். உதவி ஆசிரியர்கள் முகம் கொடுக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு மற்றச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார், வேலை நடந்தது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறைதான் இது என்று நமக்குத் தெரியும். 1797இல் லண்டனில் பெல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பிரிட்டன் முழுக்கப் பரவியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் வைத்து ஓர் ஆசிரியர் சமாளித்தார் என்றால், யார் எங்கே உட்கார வேண்டும், யார் யாரிடம் பாடம் ஒப்பிக்க வேண்டும், எப்போது எழ வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருந்ததுதான் காரணம்.

இன்றைய வகுப்புக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலைநாள், 1,000 மணி நேரப் பாடம் நடந்தாக வேண்டும். நாளுக்கு எட்டுப் பாடவேளை. ஒவ்வொரு பாடவேளையின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் வீணாகிறது என்று வையுங்கள். ‘புஸ்தகத்தை எடு’, ‘எந்தப் புஸ்தகம் மிஸ்?’, ‘பேனா இல்ல சார்’, ‘நேத்து எங்க விட்டோம்?’ என்று போகும் ஐந்து நிமிடம் அது. ஒரு நாளைக்கு 40 நிமிடம். ஆண்டுக்கு 8,800 நிமிடம். ஏறக்குறைய 147 மணி நேரம். சட்டம் கேட்கும் பாட நேரத்தில் ஏழில் ஒரு பங்கு இப்படியே கரைகிறது. பாடம் முடியவில்லை என்று சனிக்கிழமை சிறப்பு வகுப்பு வைக்கிறோம்.

நம் நாட்டில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு (ஓஇசிடி) 2018இல் நடத்திய ஆசிரியர் ஆய்வில், பங்கேற்ற அதன் உறுப்பு நாடுகளின் சராசரியாக வகுப்பு நேரத்தில் 78 சதவீதம்தான் உண்மையான கற்றல் கற்பித்தலுக்குப் போகிறது. 13 சதவீதம் அமைதியை நிலைநாட்டவும், 8 சதவீதம் வருகைப்பதிவு போன்ற அலுவல்களுக்கும் செலவாகிறது என்று ஆசிரியர்களே சொன்னார்கள். இந்தியா அந்த ஆய்வில் இல்லை. இருந்திருந்தால், செயலியில் வருகை ஏற்றுவதற்காக சிக்னல் தேடி ஜன்னலோரம் நிற்கும் நிமிடங்களுக்குத் தனிப் பத்தி ஒன்று போட வேண்டியிருந்திருக்கும்.

வகுப்பறை மேலாண்மை பற்றிய ஆராய்ச்சியின் திசையைத் திருப்பியவர் ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர். கல்லூரியில் வகுப்பெடுக்கும்போது செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரை அவர் கண்டித்தார். அந்த மாணவரைவிட, சுற்றியிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததுதான் அவர் கண்ணில் பட்டது. ஒருவனைத் திட்டினால் மற்றவர்களுக்கு என்ன ஆகிறது என்று ஆராயப் புறப்பட்டார். பல ஆண்டுகள் உழைத்து, வகுப்பறைகளில் கேமரா வைத்துப் பதிவு செய்து, 1970இல் அவர் வெளியிட்ட நூலின் முடிவு அவருடைய தொடக்கக் கேள்வியையே செல்லாததாக்கியது. ஒழுங்காக நடக்கும் வகுப்பிலும் சரி, கலவரமான வகுப்பிலும் சரி, பிள்ளைகள் தவறு செய்த பிறகு ஆசிரியர்கள் கண்டிக்கும் விதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கடுமையாகச் சொன்னாலும் மென்மையாகச் சொன்னாலும் பலன் ஏறத்தாழ ஒன்றுதான். தவறு நடப்பதற்கு முன்னால் ஆசிரியர் என்ன செய்தார் என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

ஒழுங்கான வகுப்புகளின் ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? வகுப்பு முழுவதையும் கண்ணில் வைத்திருந்தார்கள். முதுகிலும் கண் இருக்கிறது என்று பிள்ளைகளை நம்ப வைத்தார்கள். ஒரு பிள்ளையின் கணக்கைத் திருத்திக்கொண்டே பின்வரிசைச் சலசலப்பை ஒரு பார்வையில் அடக்கினார்கள். ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு வகுப்பைத் தடங்கலின்றிக் கொண்டுபோனார்கள். இந்தக் கடைசித் திறன் நம்மிடையே பேசப்படுவதே இல்லை. ‘கணக்கு நோட்டை எடுங்க’ என்று சொல்லி, பாதிப் பேர் எடுத்திருக்கும்போது, ‘நேத்து யாரெல்லாம் லீவு?’ என்று கேட்டு, அதற்கு இரண்டு பேர் எழுந்து காரணம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ‘சரி, பயிற்சி 3.2’ என்று திரும்பினால் வகுப்பு கலையாமல் என்ன செய்யும்? பிள்ளைகள் குறும்பு செய்தார்கள் என்று எழுதப்படும் பல வகுப்புகளில் குறும்புக்கு இடம் விட்டது ஆசிரியரின் இந்தத் தாவல்தான்.

கூனின் போட்ட அடித்தளத்தின் மேல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் எட்மண்ட் எம்மர், கேரலின் எவர்ட்சன், லிண்டா ஆண்டர்சன் மூவரும் கட்டினார்கள். மூன்றாம் வகுப்புகள் 27ஐ எடுத்துக்கொண்டு, பள்ளி திறந்த முதல் நாளிலிருந்தே உட்கார்ந்து கவனித்தார்கள். 1980இல் வெளியான அவர்களின் கட்டுரை இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவற்றுள் ஒன்று. எல்லா ஆசிரியர்களிடமும் விதிகள் இருந்தன. நல்ல நிர்வாகிகள் என்று பின்னர் தெரியவந்தவர்கள், முதல் சில வாரங்களில் அந்த விதிகளைப் பாடம் நடத்துவதைப் போல நடத்தினார்கள்: சொன்னார்கள், செய்து காட்டினார்கள், செய்ய வைத்தார்கள், தவறினால் மறுபடி செய்ய வைத்தார்கள். மற்றவர்கள் ‘நல்ல பிள்ளையா இருக்கணும்’ என்ற அளவில் பொதுவாகச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டார்கள். முதல் மூன்று வாரத்தில் தெரிந்த வேறுபாடு ஆண்டு இறுதிவரை நீடித்தது. 1987இல் கெய்யா லைன்ஹார்ட்டும் உடன் ஆய்வாளர்களும், தேர்ந்த கணித ஆசிரியர்கள் தங்கள் நடைமுறைகளில் பெரும்பாலானவற்றை முதல் நான்கு நாளிலேயே ஊன்றிவிடுகிறார்கள், ஆண்டு நடுவிலும் அவை மாறாமல் இயங்குகின்றன என்று காட்டினார்கள்.

இந்த ஆய்வுகளின் சாரம் இதுதான்: நடைமுறை என்பது அறிவிப்புப் பலகையில் எழுதும் விஷயம் அல்ல; சொல்லிக்கொடுத்துப் பழக்க வேண்டிய பாடம். இதைத்தான் நம் பள்ளிகள் ஏற்க மறுக்கின்றன.

ஓர் எளிய வேலையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மூன்றாம் வகுப்பு, 38 பிள்ளைகள். திருத்திய நோட்டுகளைத் திருப்பித் தர வேண்டும். வழக்கமாக ஆசிரியர் மேசையில் அடுக்கிவைத்துப் பெயர் கூப்பிடுவார். ஒரு பெயருக்கு ஐந்து விநாடி என்றாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அந்த மூன்று நிமிடமும் 37 பேருக்கு வேலையில்லை. வாங்கியவன் மதிப்பெண்ணைப் பக்கத்தில் காட்டுகிறான், வாங்காதவன் எட்டிப் பார்க்கிறான், நடுவில் ஒருத்தியின் பென்சில் பெட்டி விழுகிறது. ‘சத்தம்!’ என்று பிரம்போ டஸ்டரோ மேசையில் தட்டப்படுகிறது.

இதையே நடைமுறையாக்கினால் இப்படி இருக்கும். முந்தைய நாள் நோட்டு வாங்கும்போதே வரிசை வாரியாக, கடைசிப் பிள்ளையிலிருந்து முன்னால் கடத்தி, ஒரே பக்கம் பார்த்தபடி அடுக்கி வாங்க வேண்டும். திருத்துபவர் அந்த அடுக்கைக் கலைக்காமல் திருத்த வேண்டும். (பாதிக் காரியம் இங்கேதான் கெடும், வீட்டுக்குக் கொண்டுபோய் இரவு பத்து மணிக்குத் திருத்துகிறவருக்கு அடுக்கு எங்கே நினைவிருக்கும்?) மறுநாள் வரிசைக்கு ஒரு கட்டாக முதல் பிள்ளையிடம் கொடுத்தால், தன்னுடையதை எடுத்துக்கொண்டு பின்னால் கடத்துவார்கள். நோட்டு கைக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்: சிவப்பு மையில் சுழித்த இடத்தைப் பார்த்து, கீழே மூன்று முறை திருத்தி எழுது. பிள்ளைகள் எழுதத் தொடங்கியிருக்கும்போது ஆசிரியருக்கு இரண்டு கையும் காலியாக இருக்கும். முந்தைய நாள் வராதவனிடம் போய்க் குனிந்து பேசலாம்.

இதைப் பழக்குவதற்கு ஒரு பாடவேளை போகும். முதலில் ஒரு வரிசையை மட்டும் செய்யச் சொல்லி மற்றவர்கள் பார்க்க வேண்டும். எங்கே தடங்கியது என்று பிள்ளைகளையே கேட்க வேண்டும். ‘அவன் தூக்கிப் போட்டான் மிஸ்’ என்று சரியாகச் சொல்வார்கள். மறுநாள் எல்லா வரிசையும். ஒரு வாரம் போனபின் கெடத் தொடங்கும். அப்போது கோபப்படாமல், ‘மறுபடி செய்யலாம்’ என்று திரும்ப வாங்கி மறுபடி கடத்தச் சொல்ல வேண்டும். பொங்கல் விடுமுறை முடிந்து வந்தால் இன்னொரு முறை. பரிசு வேண்டாம், தண்டனை வேண்டாம். அலுப்பான வேலைதான். அலுப்பானது என்பதாலேயே பலரும் விட்டுவிடுகிறார்கள்.

வகுப்பை அமைதிப்படுத்தும் சைகைக்கும் இதே கதி. கைதட்டல் ஒரு தாளத்தில், பிள்ளைகள் பதில் தாளம். அல்லது கையை உயர்த்துவது. எது என்பது முக்கியமில்லை. சைகை காட்டிவிட்டு, இருபது பேர் அடங்கியதும் மிச்சப் பதினெட்டுப் பேரின் சத்தத்தின் மேலேயே பேசத் தொடங்கினால், அந்தச் சைகைக்கு மறுநாளிலிருந்து மதிப்பு கிடையாது. முழு அமைதி வரும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது ஆசிரியர் தமக்குத் தாமே போட்டுக்கொள்ள வேண்டிய நடைமுறை.

கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் அனுமதி கேட்பது சிறிய விஷயம்போலத் தெரியும். ஒருவன் ‘மிஸ், ஒன்னுக்கு’ என்றால் ஐந்து கை எழும் என்பது தெரிந்ததே. கதவருகே ஓர் அட்டை தொங்கவிட்டு, அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், கேட்க வேண்டாம் என்று வைத்த வகுப்புகளில் இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. மேல்வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு இது வேறொரு காரணத்தாலும் முக்கியம். மாதவிடாய் நாளில் நாற்பது பேர் நடுவில் எழுந்து நின்று ஆண் ஆசிரியரிடம் அனுமதி கேட்க வைப்பது வன்மம் இல்லாத கொடுமை. கேரளம் 2019இல் தண்ணீர் குடிக்கத் தனி மணி அடித்தது. தமிழ்நாட்டிலும் அது பின்னர் வந்தது. நல்லது. ஆனால் குடித்த தண்ணீருக்குக் கழிப்பறையும் அங்கே போய்வரும் முறையும் வேண்டுமே.

இந்தியச் சூழலில் இந்தக் கேள்வியின் கனம் கூடுவது ஈராசிரியர் பள்ளியில். கல்வி உரிமைச் சட்டம் அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைத்தான் கேட்கிறது. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர். கூட்டம், புள்ளிவிவரம், சத்துணவுக் கணக்கு என்று அவர் பாதி நாள் வகுப்பில் இருக்க மாட்டார். ஒரே அறையில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது நான்கும் ஐந்தும் என்ன செய்யும்? டெக்சாஸ் ஆய்வுகளில் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. அங்கே ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர். இங்கே நடைமுறைதான் இரண்டாவது ஆசிரியர். ‘முடித்தவர்கள் அடுத்து என்ன செய்வது’, ‘சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது’ என்ற இரண்டு கேள்விகளுக்குப் பிள்ளைகளுக்கே பதில் தெரிந்திருந்தால் அந்தப் பள்ளி ஓடும். தெரியாவிட்டால் எத்தனை திறமையான ஆசிரியரும் காவல்காரராகிவிடுவார்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலிப் பள்ளியினர், சுற்றியுள்ள கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளும் கற்றல் ஏணியும் கொண்ட முறை ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். அதிலிருந்து எடுத்துக்கொண்டு, 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08இல் அது மாநிலம் முழுவதற்கும் போனது. அது பாடத்திட்டத்தில் செய்த மாற்றமாகவே பெரும்பாலும் பேசப்பட்டது. அது நடைமுறைகளில் செய்த மாற்றமும் சிறியதல்ல என்பது என் கருத்து. பிள்ளை வந்ததும் தன் வருகையைத் தானே பதிந்தது. காலநிலை அட்டவணையில் அன்றைய வானிலையைக் குறித்தது. ஏணியில் தன் படியைப் பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்தது. அட்டையில் இருந்த சின்னத்தைப் பார்த்து எந்தக் குழுவில் போய் உட்கார வேண்டும் என்று தெரிந்துகொண்டது. கீழ்மட்டக் கரும்பலகையில் தன் பகுதியில் எழுதியது. வேலையைக் கம்பிப் பந்தலில் தொங்கவிட்டது. ஆசிரியர் சொல்லாமல் நடக்க வேண்டிய காரியங்கள் இத்தனை, ஒவ்வொன்றுக்கும் இடமும் பொருளும் வகுப்பில் இருந்தன.

முறை பின்னாளில் தளர்ந்ததற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. பெற்றோரின் அவநம்பிக்கை, அட்டைகள் கிழிந்தபின் புது அட்டை வராதது, மேலிருந்து வந்த அழுத்தம். சில பள்ளிகளில் தட்டும் ஏணியும் சுவரில் இருந்தன, பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். சாதனத்தை அனுப்ப முடிந்த அரசால் பழக்கத்தை அனுப்ப முடியவில்லை. கொரோனாவுக்குப் பின் 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது. அதுவும் இதே சோதனையைச் சந்திக்கிறது: அரும்புக் குழுவோடு ஆசிரியர் உட்கார்ந்திருக்கும் பதினைந்து நிமிடம் மலர்க் குழு தானாக இயங்க வேண்டும். கையேட்டில் செயல்பாடு இருக்கிறது. தானாக இயங்குவதைப் பழக்க எத்தனை நாள் ஒதுக்கப்பட்டது?

ஆசிரியர் இல்லாத இடைவெளியை நம் பள்ளிகள் பாரம்பரியமாக நிரப்பும் வழி கிளாஸ் லீடர். பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, அதிகம் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவது. தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் இது தெரியும். வேண்டியவன் பெயர் அழிக்கப்படும், வேண்டாதவனுக்குக் குறி கூடும் என்பதும் தெரியும். சட்டாம்பிள்ளை பாடமாவது சொல்லிக்கொடுத்தான். இந்த லீடர் வேவு மட்டும் பார்க்கிறான். இதை நடைமுறை என்று ஏற்க முடியாது. செய்வதற்கு வேலை கொடுக்காமல் சும்மா இருக்கச் சொல்லி, சும்மா இல்லாதவர்களின் பட்டியலைத் தயாரிக்கும் ஏற்பாடு இது. ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளில் அன்றைய பொறுப்பு மாணவர் என்று இருவர் தினமும் மாறுகிறார்கள். வகுப்பைத் தொடங்கிவைப்பதும் முடித்துவைப்பதும் அவர்கள் வேலை. வரிசைப்படி எல்லாருக்கும் அந்த முறை வரும் என்பதால், கூச்சப் பிள்ளையும் அடங்காப் பிள்ளையும் ஒருநாள் முன்னால் நின்றாக வேண்டும். உணவு பரிமாறுவதும் வகுப்பைப் பெருக்குவதும் இப்படியே.

பெருக்கும் வேலையை அப்படியே இங்கே இறக்குமதி செய்யுமுன் கொஞ்சம் நிற்க வேண்டும். பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கழிப்பறை கழுவச் சொன்னதாகத் தமிழ்நாட்டில் வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. யார் தண்ணீர் கொண்டுவருவது, யார் குப்பை அள்ளுவது, யார் ஆசிரியரின் டிபன் பாக்ஸைக் கழுவுவது என்பது எழுதி ஒட்டிய சுழற்சிப் பட்டியலில் இல்லாவிட்டால், அதை ஊர் வழக்கம் முடிவு செய்துவிடும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சாதி வன்மத்தில் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. யார் யார் பக்கத்தில் உட்காருவது என்பதைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டால் தெருவே வகுப்புக்குள் வந்து உட்காரும் என்பதால் வந்த பரிந்துரை. இட ஒழுங்கு என்ற சாதாரண நடைமுறைக்கு இதைவிடக் கனமான வேலை வேறு எந்த நாட்டிலும் இருக்காது.

இருக்கை அமைப்பைப் பற்றி 2025இல் நடந்த விவாதம் இதோடு ஒப்பிட்டால் இலேசானது. மலையாளப் படமொன்றின் தாக்கத்தில் ‘ப’ வடிவ இருக்கை பேசப்பட்டு, கடைசி பெஞ்சை ஒழிப்போம் என்ற குரல் கிளம்பியது. இதில் ஆய்வு முடிவு தெளிவு. தனியாக எழுதும் வேலைக்கு வரிசை நல்லது. கலந்து பேசும் வேலைக்கு வட்டமோ குழுவோ நல்லது. வேலையைப் பார்த்து இருக்கை மாற வேண்டும்; ஒரு நிமிடத்தில் சத்தமில்லாமல் மாற்றப் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்க வேண்டும். நாற்பது பேர் நெருங்கி உட்காரும் சிறிய அறையில் ‘ப’வுக்கு இடமே கிடையாது என்பது வேறு.

நடைமுறை மிகுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டுகள் உண்டு. அமெரிக்காவின் டக் லெமோவ் 2010இல் எழுதிய பிரபலமான கையேடு, தாள் விநியோகத்தை விநாடிக் கணக்கில் சுருக்கினால் ஆண்டில் எத்தனை நாள் மிஞ்சும் என்று கணக்கே போடுகிறது. லண்டனில் 2014இல் தொடங்கிய மைக்கேலா பள்ளியில் மாணவர்கள் நடைக்கூடத்தில் பேசாமல் நடக்க வேண்டும். தேர்வு முடிவுகள் பிரமாதம் என்று ஆதரவாளர்கள் காட்டுகிறார்கள். பிள்ளைகளை இப்படி அடக்கித்தான் படிக்க வைக்க வேண்டுமா என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். நம்மூர்த் தனியார் பள்ளிகள் சிலவற்றில் ‘வாயில் விரல்’ என்று ஐந்து வயதுப் பிள்ளையை அரைமணி நேரம் உட்கார வைப்பதைப் பார்க்கையில், லண்டன்வரை போகத் தேவையில்லை என்று தோன்றுகிறது. ஒரு நடைமுறையை வைத்துக்கொள்ளலாமா என்று சோதிக்க ஒரு கேள்வி போதும்: இதனால் மிஞ்சிய நேரம் பிள்ளைக்குப் போகிறதா? வாயில் விரல் வைத்த பிள்ளைக்கு அதனால் மிஞ்சியது ஒன்றுமில்லை. காது கேளாத, கவனம் சிதறும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அடுத்து என்ன என்று முன்பே தெரிவது பெரிய ஆறுதல். படங்களாக வரைந்து சுவரில் ஒட்டிய நாள் அட்டவணை அவர்களுக்கு உயிர்நாடி. அதே பிள்ளைகளை எல்லாரையும்போல அசையாமல் உட்காரச் சொன்னால் அது தண்டனை.

குஜராத்தின் கிஜுபாய் பதேக்கா எழுதி, தமிழிலும் வந்திருக்கும் ‘பகற்கனவு’ நூலின் ஆசிரியர் பாத்திரம் முதல் நாள் வகுப்பில் அமைதி விளையாட்டு நடத்தப் பார்த்துத் தோற்றுப்போகிறது. பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். மறுநாள் அவர் கதை சொல்கிறார்; வகுப்பு தானாக அடங்குகிறது. 1930களின் தொடக்கத்தில் வந்த அந்த நூல் சொன்னதை 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வும் தன் வழியில் சொல்கிறது. நெதர்லாந்தின் ஹன்கே கோர்பர்ஸ்ஹுக் குழுவினர் 2003 முதல் 2013 வரை வெளியான 54 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், வகுப்பறை மேலாண்மைத் திட்டங்களின் சராசரி விளைவு 0.22 என்ற அளவில்தான் இருந்தது. பலன் உண்டு, ஆனால் மிதமானது. பிள்ளைகளின் சமூக, மன வளர்ச்சியில் கவனம் வைத்த திட்டங்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பலித்தன. நடைமுறை கதவைத் திறந்து வைக்கும். உள்ளே சொல்லத் தக்க பாடம் ஆசிரியரிடம் இருக்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ‘கம்பை வாங்கிக்கிட்டாங்க, இனி எப்படி வகுப்பை அடக்கறது?’ என்ற புலம்பல் ஆசிரியர் ஓய்வறைகளில் இன்னும் கேட்கிறது. இந்தப் புலம்பலைக் கேலி செய்வது எளிது. கம்பை வாங்கிக்கொண்ட அரசு அதற்குப் பதிலாக எதைச் சொல்லிக்கொடுத்தது என்ற கேள்வி நியாயமானது. பி.எட். மாணவர்கள் நுண்ணிலைக் கற்பித்தல் பயிற்சியில் கிளர்வினா கேட்பதையும் பாடத்தைத் தொடங்குவதையும் திறன் திறனாகப் பழகுகிறார்கள். அந்தப் பயிற்சியில் மாணவர்களாக நடிப்பவர்கள் உடன் படிக்கும் பத்துப் பேர். அவர்கள் பென்சிலால் குத்திக்கொள்வதில்லை, ‘மிஸ், இவன் என்னைப் பாக்குறான்’ என்று புகார் சொல்வதில்லை. கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகும்போது வகுப்பு ஏற்கெனவே வேறொருவரால் பழக்கப்பட்டிருக்கும். ஆகவே, பள்ளி திறக்கும் முதல் நாளில் ஒரு வகுப்பை எப்படித் தொடங்குவது என்பதைப் பார்க்காமலே ஒருவர் ஆசிரியராகிவிட முடிகிறது. பயிற்சிப் பருவத்தின் ஒரு பகுதியாவது ஜூன் முதல் வாரத்தில் வர வேண்டும்.

தலைமையாசிரியர்களுக்கும் வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும் ஒரு கோரிக்கை. பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் எந்த வகுப்பிலும் ‘எத்தனை பாடம் முடிந்தது?’ என்று கேட்காதீர்கள். மணி அடித்த பிறகு பிள்ளைகள் எத்தனை நிமிடத்தில் வேலையைத் தொடங்குகிறார்கள், ஆசிரியர் வெளியே போனால் வகுப்பு என்ன செய்கிறது, வேலைப் பட்டியலில் யார் யார் பெயர் சுழல்கிறது என்று பாருங்கள். அந்த இரண்டு வாரத்தை ஆசிரியருக்கு எழுத்துமூலமாகவே ஒதுக்கிக் கொடுங்கள். பாடத்திட்ட அட்டவணையில் ஜூன் மாதத்துக்குப் போட்டிருக்கும் முதல் பாடத்தைச் சில நாள் தள்ளிப்போட்டால் அதற்கு இடம் கிடைத்துவிடும்.